கருவிக்கு ஓரிடம்

(வயலுக்குச் செல்லும் இழுவைப்பெட்டியை ஒழுங்குசெய்தல் பற்றிக் கமக்காரருக்கு ஆற்றிய பேச்சு)



விதையைப் பற்றியும், பசளையைப் பற்றியும், நோய் பீடைகளைப் பற்றியும் உங்களோடு பல முறை பேசியிருக்கின்றோம். இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது போலத் தோன்றும். உங்கள் வீட்டு முற்றத்திலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து வீட்டுக்கும் கருவிகள் எவ்வாறு சென்று வருகின்றன என்பதே அப்பொருள்.

“இதிலே பேசுவதற்கு என்ன இருக்கின்றது? ஏற்றினோம், இறக்கினோம், முடிந்தது” என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணியிருந்த ஒரு கமக்காரருக்கு நேர்ந்ததை முதலிற் கூறுகின்றோம்.

அவர் குளத்து நீரை நம்பிச் சிறுபோகம் செய்பவர். அவ்வாண்டு குளத்தில் நீர் குறைவாக இருந்தமையால் வாய்க்காலில் முறை வைத்தே நீர் விடப்பட்டது. தம்முடைய முறை வந்த நாளில் அவர் விடியுமுன்னரே இரும்புச்சில்லுகளையும், கலப்பையையும், மண்வெட்டிகளையும் இழுவைப்பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஐந்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள வயலுக்குச் சென்றார். வயலிலே நீர் நிறைந்து நின்றது. ரயர்ச் சில்லைக் கழற்றி இரும்புச்சில்லைப் பூட்ட முற்பட்டபோது, சில்லை அச்சோடு பிணைக்கும் ஆணிகளுள் ஒன்றைக் காணவில்லை. பெட்டியைக் கிளறிப் பார்த்தார், கிடைக்கவில்லை. அயலவரின் துவிச்சக்கரவண்டியை இரவல் வாங்கி வீட்டுக்குச் சென்றார், அங்கும் இல்லை. கடை திறக்குமட்டும் காத்திருந்து, புதிய ஆணியோடு அவர் வயலுக்குத் திரும்பியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வாய்க்கால் நீரும் அடுத்தவருடைய முறைக்குத் திருப்பப்பட்டுவிட்டது. நின்ற நீரைக்கொண்டு அரை வயலையே அவராற் சேறாக்க முடிந்தது. மற்றை அரை அடுத்த முறைவரைக்கும் காய்ந்து கிடந்தது. ஒரே வயலில் இரு வயதுப் பயிர் நின்றமையால் களைகட்டுவதும், மருந்து தெளிப்பதும், அறுவடை செய்வதும் அவருக்கு இரட்டை வேலையாயின.

பின்னர் ஒரு நாள் இழுவைப்பெட்டியைக் கழுவியபோது, பழைய சாக்குகளின் அடியிலே அவ்வாணி கிடந்தது. ஆணி தொலையவில்லை, பெருமக்களே. அதற்கென்று ஓரிடம் இருக்கவில்லை, அவ்வளவே.

இன்று நாம் உங்களுக்குச் சொல்ல விரும்புவதும் இதுவே. ஒவ்வொரு கருவிக்கும் இழுவைப்பெட்டியிலே ஓரிடம் இருத்தல் வேண்டும். வேலை முடிந்தவுடன் அது அவ்விடத்துக்கே திரும்புதல் வேண்டும்.

நம்மிடமுள்ள வண்டி

இரு சில்லு உழவு இயந்திரத்தை நாம் இன்றும் லான்ட்மாஸ்டர் என்றே அழைக்கின்றோம். அது 1950 ஆம் ஆண்டுகளிலே இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இயந்திரத்தின் பெயர். நம் நாட்டுப் பொறியியலாளராகிய ரே விஜேவர்த்தன அவர்கள் அவ்வியந்திரத்தின் வளர்ச்சியிற் பங்குகொண்டவர். அதன் பின் யப்பானிலிருந்தும், சீனாவிலிருந்தும், இந்தியாவிலிருந்தும் வேறு இயந்திரங்கள் வந்தன. ஆயினும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. அதன் பின்னே பூட்டப்படும் இழுவைப்பெட்டியே இன்று பெரும்பாலான சிறு கமக்காரரின் லொறியாகும். காலையிற் கருவியையும், நண்பகலிற் பசளையையும், மாலையில் மரக்கறியையும், இடையிடையே பிள்ளைகளையும் அதுவே சுமக்கின்றது. பலவற்றையும் சுமப்பதனாலேயே அதற்கு ஒழுங்கு மிகவும் வேண்டற்பாலது. சிறு லொறி வைத்திருப்போருக்கும் இங்கு கூறுவன பெரும்பாலும் பொருந்தும்.

மறந்த ஒரு கருவிக்காக வீட்டுக்குத் திரும்பும் பயணம் நேரத்தை மாத்திரமன்றி எரிபொருளையும் விழுங்கும். 2022 ஆம் ஆண்டிலே டீசலுக்காக நெடுவரிசையிற் காத்து நின்றவர்களுக்கு இதனை விரித்துக் கூறவேண்டியதில்லை.

முதலில் வெறுமையாக்குங்கள்

வேலை குறைந்த ஒரு நாளைத் தெரிந்தெடுங்கள். இழுவைப்பெட்டியிலும், இருக்கைக்கு அடியிலும், கொட்டிலின் மூலையிலும் உள்ள எல்லாவற்றையும் முற்றத்திலே ஒரு படங்கை விரித்து அதன்மேல் இறக்குங்கள். பின்னர் அவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதலாவது குவியல் நாள்தோறும் வேண்டியவை: மண்வெட்டி, கத்தி, கயிறு, குறடு, இயந்திரத்துக்குரிய சாவிகள் முதலியன. இரண்டாவது குவியல் குறித்த வேலைக்கு மாத்திரம் வேண்டியவை: இரும்புச்சில்லு, கலப்பை, நீரிறைக்கும் இயந்திரம், தெளிகருவி, அலவாங்கு, அரிவாள் முதலியன. மூன்றாவது குவியல் உடைந்தவையும் உதவாதவையும். இம்மூன்றாவது குவியலைக் கண்டு நீங்களே வியப்படைவீர்கள். பிடியற்ற மண்வெட்டியும், வாயற்ற போத்தலும், அறுந்த பட்டியும் எத்தனை காலமாக வயலுக்குச் சென்று வந்திருக்கின்றன! திருத்தத்தக்கவற்றை அன்றே திருத்துங்கள், மற்றவற்றை அகற்றிவிடுங்கள்.

நாள்தோறும் வேண்டியவை மாத்திரமே வண்டியில் நிலையாக இருக்கவேண்டும். மற்றவை கொட்டிலிலே தமக்குரிய இடத்தில் இருந்து, வேலை வரும்போது ஏற்றப்படல் வேண்டும்.

பாரம் இருக்கவேண்டிய இடம்

இழுவைப்பெட்டி இரண்டு சில்லின்மேல் நிற்பது. ஆகையால் அது தராசைப் போன்றது. பாரம் பின்புறத்திற் கூடினால் முன்புறம் மேலெழும். அப்போது உழவு இயந்திரத்தின் சில்லுகள் நிலத்தை அழுத்திப் பிடிக்கமாட்டா. குளக்கட்டில் ஏறும்போதும் வரம்பைக் கடக்கும்போதும் இது பேராபத்தாகும். பாரம் முன்புறத்தில் அளவுக்கு மிஞ்சினாலோ, இணைப்பு அழுத்தப்பட்டு, இயந்திரத்தைத் திருப்புவது கடினமாகும்.

ஆதலின் இரும்புச்சில்லு, கலப்பை, நீரிறைக்கும் இயந்திரம், விதைமூடை ஆகிய பாரமான பொருள்களை அச்சுக்கு நேர்மேலே, சிறிது முன்தள்ளி, பெட்டியின் தரையோடு வையுங்கள். அவற்றின்மேற் பாரமற்றவை இருக்கலாம். பாரத்தைச் சோதிக்க ஓர் எளிய வழியுண்டு. சில்லுகளுக்குத் தடைக்கட்டை வைத்து, இயந்திரத்தோடு பூட்டுமுன் இழுவைப்பெட்டியின் இணைப்புத் தண்டைக் கையாற் தூக்கிப் பாருங்கள். தண்டு தானாக மேலெழுமாயின் பாரம் பின்னே கூடிவிட்டது. இருவர் முயன்றும் தூக்க முடியாதாயின் முன்னே கூடிவிட்டது. ஒருவர் இரு கைகளாலும் முயன்று தூக்கத்தக்க அளவே ஏற்றது.

ஏற்றிய பொருளைக் கட்டாமல் விடாதீர்கள். பழைய ரயர் ரியூப்பை நீளப் பட்டிகளாக வெட்டி, பக்கப்பலகையில் அடித்த கொளுக்கிகளில் மாட்டினால் அதுவே நல்ல கட்டாகும், செலவும் இல்லை. பாரத்தோடு இறக்கத்தில் இறங்குமுன்னரே இயந்திரத்தைத் தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பின்னிருந்து பாரம் தள்ளும் இறக்கத்திலே, ஒரு பக்கத்துத் திருப்பும் பிடியை அழுத்தினால் இயந்திரம் அதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பக்கூடும் என்பதையும், புதிதாக ஓட்டப் பழகும் உங்கள் மக்களுக்கு மறவாமற் சொல்லிக்கொடுங்கள்.

பெட்டிக்கு வெளியே எந்தக் கருவியும் நீட்டிக்கொண்டிருத்தலாகாது. நீண்ட மூங்கிலோ குழாயோ ஏற்றவேண்டி வந்தால், அதன் நுனியிற் பகலிலே சிவப்புத் துணியும், இரவிலே சிவப்பு விளக்கும் கட்டுங்கள். பிற்பலகையில் ஒளி தெறிக்கும் சிவப்புத் தகடு இரண்டு பொருத்துங்கள். இருளிலே மெல்லச் செல்லும் இழுவைப்பெட்டியை, பின்னால் விரைந்து வருபவர் அண்மையில் வந்த பின்னரே காண்கிறார்.

சிறு பொருளுக்கு ஓர் ஆயுதப் பெட்டி

வேலையை நிறுத்திவிடுவது பெரும்பாலும் சிறு பொருளே. ஆகையால் ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியில், இரண்டு அடி நீளமும் ஓர் அடி அகலமும் கொண்ட மரப்பெட்டியொன்றை ஆணியடித்துப் பொருத்துங்கள். பழைய பலகை போதும். மூடியும் பூட்டும் இருத்தல் வேண்டும். மழைநீர் தேங்காதிருக்க அடியிலே இரண்டு சிறு துளைகள் இடுங்கள்.

சாவிகளைப் பெட்டிக்குள் அள்ளிப் போடாதீர்கள். பழைய படங்குத் துண்டொன்றில் வரிசையாகச் சிறு பைகள் தைத்து, ஒவ்வொரு பையிலும் ஒரு சாவியைச் செருகுங்கள். படங்கைச் சுருட்டிக் கட்டினால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். விரித்தால் எந்தப் பை வெறுமையாக உள்ளது என்பது கண்ணுக்குத் தெரியும். உங்கள் இயந்திரத்திலுள்ள சுரைகளுக்குப் பொருந்தும் சாவிகள் மாத்திரம் இருந்தாற் போதுமானது.

ஆணி, சுரை, பூட்டூசி முதலியவற்றை மூடியுள்ள பால்மாத் தகரத்தில் இடுங்கள். இரும்புச்சில்லுக்குரிய ஆணிகளைத் தகரத்திலும் இடவேண்டா. வேலை முடிந்து சில்லைக் கழற்றியவுடன், அவ்வாணிகளை அச்சில்லிலேயே கம்பியாற் கட்டிவிடுங்கள். சில்லு செல்லுமிடமெல்லாம் ஆணியும் செல்லும். முன்னர்க் கூறிய கமக்காரர் இப்போது அவ்வாறே செய்கின்றார்.

இவற்றோடு ஒரு குறடு, ஒரு சுத்தியல், ஒரு திருப்புளி, ஓர் அரம், சிறிது கட்டுக்கம்பி, இயந்திரத்துக்குரிய மாற்றுப் பட்டி ஒன்று, ரயர் ஒட்டுவதற்கான பொருள்கள், காற்றடிக்கும் பம்பி, ஒரு மின்சூள் ஆகியவை இருக்கட்டும். மூடியின் உட்புறத்தில் இவற்றின் பெயர்களை வர்ணத்தால் எழுதிவிடுங்கள். எழுத்தறியாத வேலையாள் இருப்பின் கருவியின் உருவத்தை வரைந்து வையுங்கள்.

கூரிய கருவிகள்

மண்வெட்டி, கத்தி, அரிவாள் ஆகியவற்றைத் தரையில் எறிந்து, அவற்றின்மேற் சாக்கைப் போட்டு, அதன்மேல் ஆட்கள் ஏறியமர்ந்து செல்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். குண்டும் குழியுமான பாதையில் வண்டி துள்ளும்போது காலோ கையோ வெட்டுப்படுகிறது. “சிறு காயந்தானே” என்று துணியைச் சுற்றிக்கொண்டு அவர் வயலில் இறங்கிவிடுகிறார்.

பெருமக்களே, வயற்சேற்றில் இறங்குபவருக்குச் சிறு காயம் என்று ஒன்று இல்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரிலே எலிக்காய்ச்சற் கிருமி இருக்கின்றது. அது உடம்பினுள் நுழைவதற்குக் காயம் ஒரு வாயில். 2008 ஆம் ஆண்டிலே நம் நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய் கண்டதாக ஐயுறப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். நோயுற்றோரிற் பெருந்தொகையினர் வயலில் இறங்கிய மக்களே. காயமுள்ளவர் அது ஆறுமட்டும் சேற்றில் இறங்காதிருத்தலே நன்று. போகம் தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். வயலில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும், தசைநோவும், கண்சிவப்பும் உண்டாயின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வயலில் இறங்கியதை வைத்தியருக்குக் கூறுங்கள். இரும்பு வெட்டியவர் ஏற்பூசி பற்றியும் கேட்டறிதல் வேண்டும்.

காயம் வராமற் காப்பது இவை யாவற்றிலும் எளிது. இடது பக்கப்பலகையின் உட்புறத்திலே, வெட்டுவாய்கள் இடப்பட்ட நாலங்குலப் பலகையொன்றைப் பொருத்துங்கள். மண்வெட்டிகளின் பிடிகளை அதிற் செருகி, அலகுகள் முற்பலகையை நோக்கித் தாழ்ந்திருக்குமாறு வையுங்கள். கத்திக்கும் அரிவாளுக்கும் பழைய ரியூப்பில் உறை தையுங்கள். வாளின் பற்களை, நீளவாக்கிற் பிளந்த இறப்பர்க் குழாயால் மூடுங்கள். பிடிகளுக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் வர்ணம் பூசுங்கள். சேற்றிலும் புல்லிலும் விழுந்தாலும் தென்படும். கருவிகளோடு ஆட்களை ஏற்றாதீர்கள். இணைப்புத் தண்டின்மேற் பிள்ளைகளை ஒருபோதும் அமரவிடாதீர்கள்.

நஞ்சு, எரிபொருள், உணவு

இம்மூன்றும் ஒன்றையொன்று தொடலாகாது. இப்பேச்சில் வேறெதனை மறந்தாலும் இதனை மறவாதீர்கள்.

மருந்து தெளிக்கும் நாளில் மாத்திரம், அன்றைக்கு வேண்டிய அளவு மாத்திரம் எடுத்துச் செல்லுங்கள். அது கடையில் வாங்கிய கொள்கலனிலேயே, சுட்டுத்துண்டோடு இருத்தல் வேண்டும். சோடாப் போத்தலில் ஊற்றிச் செல்வது ஓர் உயிரைப் பலியிடுவதற்கு ஒப்பாகும். தாகத்தோடு வரும் பிள்ளை போத்தலையே பார்க்குமன்றி உள்ளிருப்பதை அறியாது. மூடியுள்ள பிளாத்திக்குத் தொட்டியொன்றில் மருந்தை வைத்து, அதனைப் பூட்டுள்ள மரப்பெட்டியில் இட்டு, “நஞ்சு” என்று சிவப்பு எழுத்தில் எழுதி, இழுவைப்பெட்டியின் இடது பின்மூலையிற் கட்டுங்கள். ஒழுகினாலும் தொட்டிக்குள்ளேயே நிற்கும்.

எரிபொருட் கான் வலது பின்மூலையில், நிமிர்ந்து, இறுக மூடப்பட்டு, கட்டப்பட்டிருக்கட்டும். இயந்திரத்தின் புகைக்குழாய் முன்னே இருப்பதனாலேயே எரிபொருளைப் பின்னே வைக்கச் சொல்கின்றோம். சோற்றுப் பார்சலும் குடிநீரும் மூடியுள்ள கூடையில், முன்னே, ஓட்டுபவரின் அருகிலே தொங்கட்டும்.

மருந்து பெட்டியின் தரையிற் சிந்தினால் நீரூற்றிக் கழுவி வாய்க்காலில் விடாதீர்கள். கையுறை அணிந்து, உலர்ந்த மண்ணையோ மரத்தூளையோ இட்டு உறிஞ்சவைத்து, அள்ளி, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தே ஆழப் புதையுங்கள். பின்னர்ச் சவர்க்காரம் இட்டுத் தேய்த்து, அந்நீரையும் அக்குழியிலேயே ஊற்றுங்கள். அதே தரையில் அன்று மாலை கத்தரியையும் மிளகாயையும் சந்தைக்கு ஏற்றுபவர், தாம் விற்பது இன்னதென்று அறியாமலே விற்கின்றார். மருந்து ஏற்றிய பெட்டியில் மரக்கறியை ஏற்றுவதாயின், கழுவி உலர்த்திய பின்னரும் தூய படங்கு விரித்தே ஏற்றுங்கள். எவரேனும் நஞ்சுண்டார் என்று ஐயுற்றால், 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவுவண்டியை வரவழையுங்கள். சுட்டுத்துண்டையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மாலையில் ஐந்து நிமிடம்

காலையில் எத்தனை கருவிகள் சென்றன? மாலையில் எத்தனை திரும்பின? வயலை விட்டுப் புறப்படுமுன் எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் உள்ளபோது எண்ணவும் வேண்டியதில்லை; வெறுமையான இடமே குறையைக் காட்டிவிடும்.

கருவியிலுள்ள மண்ணை அந்த வயலிலேயே கழுவிவிடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை வாடவைக்கும் பற்றீரியா மண்ணோடு செல்வது. வேர்முடிச்சு வட்டப்புழுவும் அவ்வாறே. ஒரு தோட்டத்து நோயை அடுத்த தோட்டத்துக்கு ஏற்றிச் செல்லும் கூலியற்ற வண்டியாக உங்கள் இழுவைப்பெட்டி இருத்தலாகாது. சில்லிலும் பெட்டியிலும் ஒட்டிய நெல்மணிகளையும் தட்டிவிடுங்கள். களைநெல் அவ்வழியாகவும் பரவும்.

வீடு சேர்ந்ததும் கருவிகளைத் துடைத்து, அலகுகளில் எண்ணெய்த் துணியை ஒருமுறை தடவி, உரிய இடத்தில் வையுங்கள். நஞ்சுப் பெட்டியை இறக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்திற் பூட்டுங்கள். இவை எல்லாவற்றுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

முடிவாக

பெருமக்களே, நாம் கூறியவற்றுள் விலை கொடுத்து வாங்கவேண்டியது மிகச் சிறிது. பழைய பலகை, பழைய ரியூப், பழைய படங்கு, சிறிது வர்ணம், ஒரு நாள் உழைப்பு, இவையே முதல். மழையையும் குளத்து நீரையும் சந்தை விலையையும் நாம் ஆள முடியாது. நம் இழுவைப்பெட்டியை ஆள முடியும்.

வரும் போகத்துக்கு முன் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். உங்கள் மக்களையும் அருகில் இருத்திச் செய்யுங்கள். எது எங்கே இருக்கின்றது என்பதை அவர்களும் அறியட்டும். ஐயம் எழுந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள். உங்கள் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்துக்கு, ஒழுங்குசெய்த இழுவைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மற்றவர்களுக்கும் காட்டுங்கள். நாம் சொல்லக் கேட்பதிலும், அயலவர் செய்ததைக் காண்பதே கமக்காரருக்குச் சிறந்த பாடம்.

உங்கள் முறை நீர் வாய்க்காலில் வரும்போது, உங்கள் கையும் கருவியும் ஆயத்தமாக இருப்பதாக.